மாடி வீட்டு மைக்ரோவேவ்

ஜூன் 4, 2007. திங்கள்

காலையிலிருந்தே வெக்கை. காற்று உண்டு, எல்லாம் புழுதி. பிரவுசிங் கடையைத் திறந்து ஆறு சிஸ்டத்தையும் துடைத்தேன். நான்காம் நம்பர் மவுஸ் போச்சு, வாங்க வேண்டும்.

பின்ரூம் மூன்று சிஸ்டத்திலும் நெட் விட்டு விட்டு வருகிறது. வயர்லெஸ் போட்ட நாளிலிருந்து இந்தத் தொல்லை. முன்ரூம் மூன்றும் வயரில், அவற்றில் கோளாறே இல்லை.

11.10க்கு அகரத்திலிருந்து ஒருவர், மகளோடு. பூ விவசாயம் போல, விரல் நகமெல்லாம் கறை. மகளின் இன்ஜினியரிங் விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வந்தார்கள். பக்கம் பாதி இறங்கி நின்றுவிட்டது. மறுபடி அடித்தால் மறுபடி பாதி.

"நம்ம புள்ள பேரு இருக்கா இல்லையா தம்பி? பாதியில நிக்குதே."

"செத்த நேரம் பொறுங்கண்ணே, வந்துரும்."

பொறுக்கவில்லை. எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் படி இறங்கவும் மாடியில் 'டிங்' என்று ஒரு சத்தம், இங்கே நெட் வந்தது. மாடி மைக்ரோவேவ்! இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லை.

மாடியில் ரெஜினா டீச்சர் மட்டும்தான். கடைக்கு வாடகை வாங்கும் வீட்டுக்காரம்மா. லேடீஸ் ஹாஸ்டல் வார்டனாக இருந்து ரிட்டயர்டு. எழுபது தாண்டியும் குரல் இன்னும் ஹாஸ்டல் வராந்தாவிலேயே இருக்கிறது. மகன் அருள் மஸ்கட்டில். போன வருஷம் டீச்சர் கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்து, தெருவே நாறி, அருள் லீவில் வந்து சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இதை வாங்கி வைத்துவிட்டுப் போனான். சோறு, பால், காப்பி எல்லாம் இதில்தான். வேறு அடுப்பு கிடையாது.

கோபத்தோடு கோபமாக அருளுக்கு மெயில். 'அம்மாவின் மைக்ரோவேவ் லீக் ஆகிறது, என் கடை வரை வந்து நெட்டை அறுக்கிறது, உடனே கவனிக்கவும்.' ரேடியேஷன் என்றும் ஒரு வார்த்தை போட்டேன். அது இல்லாவிட்டால் பதில் வராது.

ஜூன் 5, செவ்வாய்

மவுஸ் வாங்கவில்லை. நெட் போன நேரம் குறித்தேன்:

8.30 – 2 நிமிடம் (இட்லி சூடு பண்ணுகிறார்?)
11.10 – 2 (காப்பி)
12.40 – 18 (சோறு)
1.05 – 3 (குழம்பு)
4.00 – 2 (காப்பி)
7.30 – 4

ஒரு மனுஷி எப்போது என்ன சாப்பிடுகிறார் என்பது முழுசாக என் நோட்டில். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் அருளே போன் செய்துவிட்டான். பயந்திருக்கிறான்.

"அண்ணே, கேஸும் ஆவாது, இதுவும் ஆபத்துன்னா அம்மா எப்படித் தனியா இருக்கும்? கொடை ரோட்டுப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் விசாரிச்சு வச்சிருக்கேன். லீக்கு நெசந்தானான்னு நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நெசம்னா வந்து கூட்டிட்டுப் போயி விட்டுர்றேன்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வைக்கும் முன்னால் இன்னொன்று சொன்னான்: "அம்மா போயிட்டா மாடியையும் நீங்களே எடுத்துக்கங்கண்ணே. வேற ஆளுக்கு விட மாட்டேன்."

மாடி ஹால். எட்டு சிஸ்டம் போடலாம். ஜெராக்ஸ் கீழே. ரோட்டைப் பார்த்து போர்டு. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் இதே யோசனை. வசந்தா இரண்டு தடவை ரசம் வேண்டுமா என்று கேட்டாளாம்.

ஜூன் 6, புதன்

மேகம். மழை இல்லை. மவுஸ் வாங்கியாச்சு.

பத்து மணிக்கு டீச்சரே படியில் இறங்கி வந்தார். முட்டி வலி, ஒவ்வொரு படியிலும் நின்று.

"ஏலே செல்வம், என் அடுப்புல கோளாறாமே. அருளு சொன்னான். நீதான் எழுதுனேன்னும் சொன்னான்."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"அது சரிப்பா, உன் பொழப்பு. வந்து பாரு. இருக்குன்னா இருக்குன்னு சொல்லு, இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. எனக்காக ஒண்ணும் கூட்டிக் கொறச்சுச் சொல்ல வேணாம். அவன் சொல்ற இல்லத்துல போயி நாப்பது பேரோட வரிசையில தட்டத் தூக்கிட்டு நிக்க என்னால ஏலாது. நாந்தான் ஊரு புள்ளைகளையெல்லாம் அப்படி நிக்க வச்சவ."

மேலே போய்ப் பார்த்தது:

1. கதவு, கீல், விளிம்பு. வளைவு, விரிசல் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு, துடைத்தேன்.
2. ஓடும்போது கதவைத் திறந்தால் நிற்கிறதா? நிற்கிறது. மூன்று தடவை.
3. பேப்பர் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தேன். எல்லாப் பக்கமும் நல்ல பிடி. கீழே வலது மூலையில் மட்டும் லேசாக வந்தது.
4. பிளக்கைப் பிடுங்கிவிட்டு என் செல்லை உள்ளே வைத்துச் சாத்தி, டீச்சர் வீட்டு போனிலிருந்து அடித்தேன். உள்ளே மணி அடித்தது.

நாலாவதுதான் சிக்கல். சிக்னல் உள்ளே போகிறதென்றால் வெளியேயும் வரும். அதை டீச்சரிடம் சொன்னேன்.

"அப்ப இருக்குங்குறே."

"நாளைக்கு மீட்டர் வச்சுப் பாத்துருவோம் டீச்சர்."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காப்பி போடுகிறேன் என்றவர் போடவில்லை. 11.10க்கு நெட் போகவும் இல்லை. மாடி ஹால் நினைப்பில் எனக்கு உள்ளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம். எழுதி வைக்கிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்.

ஜூன் 7, வியாழன்

காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் காதர் பாய் கடை. மிக்ஸி, கிரைண்டர், மைக்ரோவேவ் ரிப்பேர். லீக் பார்க்கும் மீட்டர் ஊருக்குள் இவரிடம்தான் இருக்கிறது. போன் மணி அடித்த கதையைச் சொன்னேன். சிரிக்கிறார்.

"போன் அடிச்சா லீக்குன்னா இந்தக் கடையில பெட்டி பிரிக்காம கெடக்குற அம்புட்டும் லீக்குதான். டவர் சிக்னல் வேற, இது வேற. துளியூண்டு உள்ள போனாப் போதும், போன் அடிச்சிரும். அதெல்லாம் சோதனையே இல்ல."

மீட்டரைக் கொடுத்துவிட்டு முறை சொன்னார். உள்ளே ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் வைக்க வேண்டும், காலியாக ஓட்டக் கூடாது. கதவிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, மெதுவாகச் சுற்றிவர வேண்டும். மீட்டர் முள் ஐந்து வரை போகலாம், தாண்டினால்தான் ஆபத்து.

"பாய், கொறச்சலா இருந்தாலும் நெட்ட அறுக்குமா?"

"அறுக்குமே. உங்க நெட்டுப் பொட்டிக்கு பலம் கொசு அளவு. இது ஆனை. ரெண்டும் ஒரே அலை. ஆனை சும்மா மூச்சு விட்டாலே கொசு பறந்துரும். பொட்டிய எங்கிட்டு வச்சிருக்கீக?"

"பின்ரூம் பரண்ல."

"அதுக்கு மேல?"

"டீச்சர் சமையல்கட்டு."

பாய் மறுபடி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மதியம் மாடி. டம்ளர் தண்ணீர், டேப், மீட்டர். கதவைச் சுற்றி எல்லா இடத்திலும் முள் அசையவே இல்லை. அந்த வலது மூலையில் மட்டும் 0.4. இரண்டு முழம் தள்ளி ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை: அதே 0.4. மூன்றாம் தடவையும்.

அடுப்பு நல்ல அடுப்பு.

டேப் கையில் இருந்ததால் ஹாலையும் அளந்தேன். பதினெட்டுக்குப் பதினொன்று. டீச்சர் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுப்பு இங்கிட்டுல்ல இருக்கு. அங்கிட்டு என்னத்த அளக்குறே?"

"வயர் தூரம் டீச்சர்."

"மீட்டர் என்ன சொல்லுது?"

"பாய்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

கேட்க ஒன்றும் இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 8, வெள்ளி

கடை திறக்கும் முன்பே நெட் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, முன்ரூமுக்கும் பின்ரூமுக்கும் நடு வாசலில் ஆணி அடித்து மாட்டினேன். அலையும் கொஞ்சம் விலகட்டும் என்று, சேனல் ஆறில் இருந்ததை ஒன்றுக்கு மாற்றினேன். மொத்தம் இருபது நிமிட வேலை.

8.30 – போகவில்லை.
11.10 – போகவில்லை.
12.40 – சோறு. முடிந்ததும் மாடியில் 'டிங்' கேட்டது. பின்ரூமில் ஒரு கல்லூரிப் பெண் பதினெட்டு நிமிடமும் சாட் பண்ணிக்கொண்டிருந்தாள். போகவில்லை.

ஆக, கோளாறு பெட்டியை வைத்த இடத்தில். வைத்தவன் நான்.

அருளுக்கு மெயில் திறந்தேன். 'அன்புள்ள அருள், மீட்டர் வைத்துப் பார்த்ததில்'. அதோடு மூடிவிட்டேன். ஜெராக்ஸுக்கு ஆள் வந்துவிட்டார். ஆள் போன பிறகும் திறக்கவில்லை. சாயங்காலம் அருள் இரண்டு தடவை அடித்தான், எடுக்கவில்லை.

ஜூன் 9, சனி

நல்ல கூட்டம். நெட் ஒரு தடவைகூடப் போகவில்லை.

மெயில் போடாததற்குக் காரணங்கள்:
– 0.4 என்பதும் லீக்தானே?
– அந்த மூலை நாளைக்குப் பெரிசாகலாம்.
– எழுபது வயசு. தனியாக இருப்பதே ஆபத்து. முட்டி வேறு.
– இல்லத்தில் டாக்டர் உண்டாம்.

எழுதிப் பார்த்தால் எல்லாம் நியாயமாகத்தான் தெரிகிறது. எட்டு சிஸ்டம் என்று மட்டும் எழுதவில்லை.

மத்தியானம் மாடிப்படியிலிருந்து டீச்சர் குரல்: "செல்வம், பாய் என்னப்பா சொன்னாரு?"

"பாய் ஊருக்குப் போயிருக்காரு டீச்சர்."

பாய் கடையில்தான் இருக்கிறார். காலையில் மீட்டரைத் திருப்பிக் கொடுத்தேன், டீ வாங்கித் தந்தார்.

வீட்டில் வசந்தா: "டீச்சர் மகனுக்கு எழுதிட்டீகளா?"

"நெட்டு சரியில்ல."

"நம்ம கடையிலயா?"

குளிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 10, ஞாயிறு

கடை பாதி நாள். டீச்சர் ஆட்டோவில் மாதா கோயிலுக்குப் போய் வந்தார். வந்தவர் ஆட்டோக்காரரை நிறுத்தி, மாடியிலிருந்து ஒரு குக்கரையும் இட்லிக் கொப்பரையையும் என் கடை வாசலில் இறக்கி வைக்கச் சொன்னார்.

"உன் வீட்டுக்காரிட்ட குடு. அங்க எனக்குச் சட்டி பான வேல இல்ல. இதுல வச்சா கேஸு மிச்சம்."

"இப்பவே எதுக்கு டீச்சர்?"

"நீ பதில் சொல்ல மாட்டேங்குறே. அப்பவே தெரிஞ்சுபோச்சு. எனக்குச் சங்கடமா இருக்கும்னு மறைக்கிறே. நல்ல புள்ளப்பா."

நல்ல பிள்ளை! வண்டியில் முன்னால் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். எப்படிக் கிடைத்தது என்று சொன்னதும் வசந்தா தொடவில்லை. கூடத்து மூலையில் கிடக்கிறது.

கேவலமாக இருக்கிறது.

ஜூன் 11, திங்கள்

கடை திறந்ததும் முதல் வேலை மெயில். 'அடுப்பில் கோளாறு இல்லை. பெட்டியை நான் வைத்த இடம்தான் தப்பு. இப்போது சரி. அம்மா தாராளமாக இங்கேயே இருக்கலாம்.' மாடி பற்றி ஒரு வரி எழுதி, அழித்தேன். அனுப்பியது 8.15.

பதில் இல்லை. பத்து தடவை பார்த்தேன். போன் அடித்தேன், அணைத்து வைத்திருக்கிறான். டீச்சரிடம் போய்ச் சொல்ல மூன்று தடவை படி ஏறி, மூன்று தடவையும் பாதியில் இறங்கினேன்.

ஜூன் 12, செவ்வாய்

காலை ஒன்பதரை. வாசலில் மதுரை வாடகைக் கார். அருள் இறங்கினான். மெயில் பார்க்கவில்லை, நேற்று முழுக்கப் பயணத்தில். நேரே மாடிக்குப் போனான். கடையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன்.

ஹாலில் இரண்டு பெட்டி, ஒரு சாக்கு. மைக்ரோவேவைப் பிடுங்கி வாசல் ஓரமாகத் தரையில் வைத்திருந்தார்கள். டீச்சர் வெளுத்த காட்டன் சேலையில், கைப்பையோடு தயாராக இருந்தார்.

"அருளு, அடுப்புல ஒண்ணும் இல்லப்பா. மீட்டர் வச்சுப் பாத்துட்டேன். நல்லா இருக்கு."

அருள் என்னையே பார்த்தான்.

"எப்பண்ணே பாத்தீங்க?"

"வியாழக்கிழம."

"நான் டிக்கெட் போட்டது சனிக்கிழம நைட்டு. அது வரைக்கும் உங்க போனுக்குத்தான் காத்துக்கெடந்தேன்."

கீழே டிரைவர் ஹாரன் அடித்தார்.

"அதத் தூக்கி இருந்த எடத்துல வை" என்றார் டீச்சர். மகனிடம் அல்ல, என்னிடம்.

நல்ல கனம். தூக்கிக்கொண்டுபோய் வைத்துப் பிளக்கைச் சொருகினேன். டீச்சர் பாலைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி உள்ளே வைத்தார். இரண்டு நிமிடம். உள்ளே விளக்கு எரிய, டம்ளர் சுற்றியது. எடுத்து மகனிடம் கொடுத்தார்.

"குடி. அந்த வண்டிக்காரரை அனுப்பிட்டு வா. நான் எங்கயும் வரல."

"அம்மா, அங்க எல்லாம் சொல்லியாச்சு…"

"வரலன்னு சொல்லிரு."

அருள் டம்ளரோடு கீழே இறங்கிப் போனான். நானும் நகர்ந்தேன்.

"நீ நில்லு. குத்தம்னு எழுத அர நாளு. இல்லைன்னு சொல்ல அஞ்சு நாளு. என்னலே கணக்கு இது?"

பாய், ஊர், நெட் என்று எத்தனையோ காரணம் வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

"மாடிக்கு ஆசப்பட்டுட்டேன் டீச்சர்."

ஹாஸ்டல் குரலில் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கைப்பையைத் திறந்து மாடியில் ரோட்டைப் பார்த்த ரூமின் சாவியை எடுத்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"முட்டி வலி வந்ததுலருந்து அந்த ரூமு பூட்டித்தான் கெடக்கு. கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன்."

சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். கூட எடுத்துக் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்றார்.