கோதைக்கு இன்றிரவு இன்சுலின் இல்லை

நிலவு, தென்முனைத் தளம், அறை 6. எழுதுவது அமலி, வயது 14.

இரவு 8.05. கோதையின் இன்சுலின் பம்பில் சர்க்கரை எண்: 132

இரண்டு இட்லி, பருப்பு, கொஞ்சம் தயிர். எனக்கு நான்கு யூனிட் இன்சுலின். தளத்துக்குக் கொடுக்கும் பதிவு இத்தோடு முடிந்தது. இனி எழுதுவது யார் கண்ணில் படுகிறதோ அவர்களுக்கு. பள்ளிப் பலகைக் கணினியில், கணக்குப் பாடத்துக்கு அடியில் ஒளித்து வைக்கிறேன். போர்வைக்குள் இருக்கிறேன், பயமாக இருக்கிறது.

இங்கே எல்லோருக்கும் சர்க்கரை நோய். நான்கு வயதுக் குழந்தையிலிருந்து எண்பது வயதுத் தாத்தா வரை, வயதுக்கு ஓர் ஆளாவது உண்டு. எங்கள் இரத்தமும் எண்களும் பொதுக் களஞ்சியத்துக்குப் போகும். பூமியில் எந்த ஆய்வுக் குழு கேட்டாலும் எடுத்துக்கொள்ளலாம். நாளை பிறக்கும் பிள்ளைகளுக்கு மருந்து கிடைக்கும் என்று சொல்லி அழைத்து வந்தார்கள். நானும் நம்பினேன்.

எட்டு வயதில் கோதை மட்டும்தான். என் அறையில் இருக்கிறாள். தூங்கும்போது பல்லைக் கடிப்பாள்.

இரவு 8.20. எண்: 138

எட்டு மணிக்கு, கோதை குளியலறையில் இருந்தபோது, காவல் மேசையில் மைக்கை மூட மறந்துவிட்டார்கள். எங்கள் ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது. டாக்டர் இளம்பரிதியும் இரவுப் பணியில் இருக்கும் தாமோதரன் மாமாவும்.

"எட்டு வயசுக்கு இன்சுலின நிறுத்தினா ராத்திரி முழுக்க சர்க்கரை எப்படி ஏறுதுன்னு ஒரு குழு கேட்டிருக்கு. ஒன்பதுக்குப் பம்ப ஆஃப் பண்ணிடுங்க."

"பச்சப்புள்ள தாங்குமா சார்?"

"முந்நூறத் தாண்டினா சோதனைய நிறுத்திடலாம். அதுவரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது. பயந்தா எண் மாறிடும்."

பயந்தால் எண் மாறுமாம். அதுதான் அவர் கவலை.

இரவு 8.45. எண்: 141

கோதைக்கு எதுவும் தெரியாது. தூங்குமுன் வழக்கம்போல அழைப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"மாமா, ஒரு லட்டு அனுப்புங்க."

"லட்டா? ஒனக்கா? என் வேலைக்கு ஒல வைக்கப் பாக்கியாட்டி?"

"பாதி உங்களுக்கு."

"தூங்கு தாயி."

தினமும் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. தெரிந்தும் சும்மா இருக்கிறார். கோபம் கோபமாக வருகிறது.

இரவு 9.15. எண்: 163

சர்க்கரையை அளக்கும் என் சென்சாரின் ஆயுள் இன்றோடு முடிந்து கழற்றிவிட்டார்கள். புதியது காலையில்தான். ஆகவே இன்றிரவு என்னை யாரும் பார்க்கப்போவதில்லை.

கோதையின் கையிலிருந்து சென்சாரை மெல்ல உரித்து என் கையில் ஒட்டிக்கொண்டேன். என் பம்பை நிறுத்தினேன். சர்க்கரை இறங்கினால் தின்னக் கொடுத்த குளுக்கோஸ் மிட்டாய்கள், என் பங்கு, அவள் பங்கு, எல்லாவற்றையும் தின்றுவிட்டேன். நான் சீக்கிரம் முந்நூறைத் தாண்டுவேன். அவர்கள் வந்து நிறுத்துவார்கள். கோதை விடியும்வரை கஷ்டப்பட வேண்டாம்.

இரவு 10.30. எண்: 304

தாண்டிவிட்டேன். நாக்கு காய்ந்துவிட்டது. காலடிச் சத்தம் எதுவும் இல்லை.

கோதையின் இடுப்பில் பம்ப் டிக் டிக் என்றது. தானாகவே.

சோதனையை நிறுத்துவது மனிதர்கள் என்று நினைத்தேன். பம்ப்தான் நிறுத்துகிறது. சென்சார் முந்நூறு என்று சொன்னதும் அதுவே மறுபடி ஓடி மருந்தைச் செலுத்துகிறது. எண் என்னுடையது. மருந்து போனது அவளுக்குள். மூன்று யூனிட்.

குழாயைப் பிடுங்கிவிட்டேன். போனது போனதுதான்.

இரவு 11.20. எண்: 398

கோதை வியர்வையில் நனைந்து கிடக்கிறாள். கை சில்லிட்டிருக்கிறது. உலுக்கினால் முனகுகிறாள். ஒரு மிட்டாய் போதும். ஒன்றே ஒன்று. எல்லாவற்றையும் நான் தின்றுவிட்டேன். கதவு வெளியிலிருந்துதான் திறக்கும்.

பொத்தானை அழுத்தினேன்.

"மாமா, கோதைக்கு சர்க்கரை லோ ஆயிருச்சு! சீக்கிரம் வாங்க!"

"என்னட்டி ஒளறுத? ஸ்க்ரீன்ல நானூறு காட்டுது."

"அது என் சர்க்கரை மாமா. சென்சார நான் ஒட்டியிருக்கேன். சத்தியமா!"

"வெளையாடாதட்டி. பம்பு மருந்து குடுத்தாச்சு, எறங்குற கணக்கும் வேணுமாம், இப்ப உள்ள வந்தா டாக்டரு என்னத் தொலச்சிருவாரு. படு."

இரவு 11.35. எண்: 44

சென்சாரை அவள் கையிலேயே திரும்ப ஒட்டினேன். 44. இதைப் பார்த்தாவது ஓடி வருவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா மைக்கை மறுபடியும் மூடவில்லை; டாக்டர் குரல்தான் வந்தது.

"நானூத்திப் பன்னெண்டுலேர்ந்து நாப்பத்தி நாலா? பத்து நிமிஷத்துலயா? சென்சார் கோளாறு. அந்தப் புள்ளிய எடுத்துடுங்க. மத்ததெல்லாம் அருமையா வந்திருக்கு. களஞ்சியத்துல ஏத்துங்க, பூமியில காத்திருக்காங்க."

எடுத்துவிட்டார்கள். அந்த 44தான் கோதை. அவளை எடுத்துவிட்டார்கள்.

இதைப் படிப்பவரே, களஞ்சியத்தில் இன்றைய தேதியில் எட்டு வயதுச் சிறுமி என்று ஒரு சர்க்கரைக் கோடு ஏறிப்போகும். அது பதினான்கு வயது அமலி, மிட்டாய் தின்றபின். அதை வைத்து எந்தப் பிள்ளைக்கும் மருந்து அளக்காதீர்கள். அளந்தால் அதுவும் இப்படித்தான் கிடக்கும்.

எண்: 36

இரண்டு முறை வாந்தி. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. என் பம்பைப் போட்டுவிட்டேன். கோதை முனகுவதும் நின்றுவிட்டது. மூச்சு இருக்கிறது. பல்லைக் கடிக்கவில்லை. கடி கோதை.

கத்தினால் வரவில்லை. 44 என்றாலும் வரவில்லை. எண்ணே இல்லாவிட்டால்?

சென்சாரைப் பிய்த்து வாயில் போட்டேன். கடித்து உடைத்தேன். நாக்கில் இரத்தம்.

எண்: இல்லை

"சார்! ஆறாம் ரூம் சிக்னல் கட்டாயிருச்சு!"

"என்னது? ஓடுங்க! யாராவது ஓடுங்கய்யா! மொத்த ராத்திரியும் வீணாப் போயிடும்!"

ஓடி வருகிறார்கள். எத்தனை கால்கள்! இத்தனை பேர் இத்தனை நேரமும் விழித்துக்கொண்டா இருந்தார்கள்?

கதவு திறக்கிறது. தாமோதரன் மாமா. கையில் குளுக்கோஸ் ஊசி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

இல்லை. புது சென்சார்.

சரி, ஒட்டுங்கள். நான் சொல்லி நீங்கள் நம்பவில்லை. அதுவாவது சொல்லட்டும். சீக்கிரம் மாமா, சீக்கிரம் ஒட்