வளையலோடு அளந்த மணிக்கட்டு

பார்சலைப் பிரித்ததும் நீ வந்துவிட்டாய். புது நைலானும் ரப்பரும் கலந்த அந்த வாசனை வேறு யாருக்கும் பிடிக்காது, உனக்குப் பிடிக்கும். மழையில் நனைந்த ஸ்கூல் ஷூ மாதிரி இருக்கிறது என்பாய். நனைந்த ஷூவில் தோல் நாற்றம் இருக்கும், இதில் இல்லை என்பேன் நான். அந்த வாதத்தை நாம் முடிக்கவே இல்லை.

ஏழு ஜோடி ரிஸ்ட் கார்டு. விழும்போது மணிக்கட்டு முறியாமல் இருக்கக் கையில் மாட்டிக்கொள்வோமே, அதேதான். சாப்பாட்டு மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றின் உள்ளங்கைத் தகட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். ஒரு ஜோடியில் தகடு வளைந்தது. திருப்பி அனுப்ப எடுத்து வைத்து, கடைக்காரருக்கு ஒரு கடிதமும் எழுதியாயிற்று. நீ இருந்திருந்தால், "அதுக்குள்ளயா? பாவம்டி அவுங்க" என்றிருப்பாய்.

இத்தனை எதற்கு என்று கேட்பாய். சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் போன் செய்தாய். "காலைல வண்டியப் புடிச்சு வா, ஒண்ணு காட்டணும். பொடவை கட்டிக்கிட்டு வராத, மாடி ஏறணும்." முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்கு எத்தனையோ முறை ரயிலில் வந்திருக்கிறேன். புடவை இல்லாமல் வந்ததில்லை. அன்றும் புடவையில்தான் வந்தேன். மாடிக்கு ஏறினால், துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ சுடிதாரில் நிற்கிறாய். கம்பி உன் இடுப்பு உயரத்தில் இருந்தது. உன் முழங்காலுக்குக் கீழே பட்டைகளால் இறுக்கிக் கட்டிய இரண்டு நீளமான வில். உன் மகள் பெங்களூரில் வாங்கி, இரண்டு முறை குதித்துவிட்டுப் பரண்மேல் போட்டுப் போனது.

"ஸ்பிரிங் காலு. எப்படி?" என்று கேட்டு ஒரு குதி குதித்தாய். கொடிக்கம்பி அதிர்ந்தது.

கீழே முற்றத்திலிருந்து உன் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "தங்கச்சி, நீயாச்சும் சொல்லும்மா. நான் சொன்னா ரேடியோ பாடற மாதிரி அவளுக்கு."

நான் வாயைத் திறக்குமுன் நீ முந்திக்கொண்டாய். "ஜனவரில பழைய மாணவிகள் நாள் வருதில்ல? நம்ம கான்வென்ட் கிரவுண்டுல ஒரு கயிறு கட்டி, ஒரு தாண்டு தாண்டணும்டி. ஒண்ணே ஒண்ணு."

அதற்குமேல் நீ விளக்கவில்லை, விளக்கவும் வேண்டாம். எட்டாம் வகுப்பில் ஹை ஜம்ப்பில் உன்னை மிஞ்ச ஆளில்லை. மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்த மாதம் நீ பெரியவளானாய். உன் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து, சிஸ்டர் முன்னால் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு, "இனிமே பாப்பா தாண்ட வேணாம் சிஸ்டர்" என்றார். சிஸ்டர் பெயரை அடித்தார். வராந்தாவில் உன் பக்கத்தில் நின்றவள் நான்தான். நீ அழவில்லை. மைதானத்தில் கட்டியிருந்த கயிற்றை யாரோ அவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆகவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மஞ்சக்குப்பத்தில் ஓர் எக்ஸ்ரே அறையில் இருபத்தெட்டு வருடம் நின்றவள் நான். விழுகிறவர்கள் எல்லோரும் முதலில் கையைத்தான் ஊன்றுவார்கள். எத்தனை மணிக்கட்டுகளைப் படம் பிடித்திருக்கிறேன்! அப்போது நமக்கு அறுபத்தெட்டு வயது. உன் கை உடைந்தால் மாவுக்கட்டு எத்தனை வாரமோ, அதுவரை உன் வீட்டுக்காரர் கண்ணுக்கு நாலு வேளையும் சொட்டு மருந்து விடுவது யார்? அவரே விட்டுக்கொண்டால் பாதி காதுக்குப் போய்விடும்.

"தாண்டு. ஆனா ரெண்டு மணிக்கட்டும் முழுசா இருக்கணும். அது என் பொறுப்பு" என்றேன். கீழே இறங்கி அவரிடமும் அதே வாக்கைக் கொடுத்தேன்.

திருப்பாப்புலியூரில் நாம் போன விளையாட்டுச் சாமான் கடையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ரிஸ்ட் கார்டு என்று கேட்டதும் அந்தக் கடைக்காரர் துணிப் பட்டை ஒன்றை நீட்டினார்.

"கிரிக்கெட் ஆடறவங்க போடறதும்மா. நல்லா ஓடுது."

"அது வேர்வை துடைக்க. நாங்க விழப்போறோம்" என்றேன்.

அடுத்தது, எடை தூக்குகிறவர்கள் சுற்றிக்கொள்ளும் நீளப் பட்டை. "நாங்க எதையும் தூக்கப் போறதில்ல." பிறகு, உள்ளங்கையில் பஞ்சு வைத்த சைக்கிள் கையுறை. "சிராய்ப்புக்கு இது போதும், எலும்புக்குப் போதாது."

அவர் களைத்துப்போய், "பேத்திக்குங்களாம்மா?" என்றார்.

"எனக்குத்தான்பா. ஸ்பிரிங் காலு போட்டுக் குதிக்கப்போறேன்" என்றாய் நீ. அவர் ஒரு ஸ்டூலை உன் பக்கம் தள்ளினார்.

கடைசியில் ஸ்கேட்டிங் பெட்டியிலிருந்து சரியானது வந்தது. உள்ளங்கைப் பக்கம் ஒன்று, புறங்கைப் பக்கம் ஒன்று என இரண்டு தகடு. உள்தகடு உள்ளங்கையை விட்டு மேலே வளைந்து நிற்க வேண்டும். அப்போதுதான் விழுந்த கை தரையில் குத்தி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும், மணிக்கட்டும் பின்னால் மடங்காது. தகடு மணிக்கட்டோடு முடியக்கூடாது, முன்கை வரை நீள வேண்டும். குட்டையாக இருந்தால் அதன் விளிம்பிலேயே எலும்பு முறியும். விரல்கள் ஐந்தும் விடுதலையாக இருக்க வேண்டும், காலில் இருக்கும் பட்டையை அவசரத்தில் அவிழ்க்க அவைதான் வேண்டும். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, நீ கடைக்காரரிடம், "இவ எப்பவும் இப்படித்தான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையக்கூட அளந்து பாத்துதான் கட்டுனா" என்றாய். பொய். அவர் உயரத்தை மட்டும்தான் கேட்டேன்.

கடையில் இருந்தது குழந்தைகள் அளவு. அளவு கொடுத்தால் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். அங்கேதான் நான் தவறு செய்தேன்.

உன் இரண்டு கையிலும் இரண்டிரண்டு தங்க வளையல், கல்யாணத்தன்று ஏறியவை. கை பருத்தபின் அவை இறங்கியதில்லை. என் கையில் வாட்ச் மட்டும். என் வீட்டுக்காரர் போனபோது வளையல்களைக் கழற்றினேன், பிறகு போட மனம் வரவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை, நானாக விட்டதுதான். சகுனம் கிகுனம் எல்லாம் நான் பார்ப்பதில்லை என்று ஊருக்கே சொல்லுகிறவள் நான். ஆனால் புருஷனோடு இருக்கிறவளைப் பார்த்து, "வளையலைக் கழற்று" என்று என் வாயால் சொல்ல வேண்டி வந்தபோது சொல் வரவில்லை. டேப்பை வளையல்களின் மேலேயே சுற்றினேன். இருபது சென்டிமீட்டர். எழுதிக் கொடுத்தேன். வாழ்க்கையில் நான் தெரிந்தே தப்பாக எழுதிய ஒரே அளவு அது.

மூன்றாவது வாரம் கார்டு வந்தது. சிதம்பரத்தில் உங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் பழகினோம். தலைக்கவசம், முழங்கால் கவசம் எல்லாம் கச்சிதம். நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாய்.

"கைய விடுடி. நீ அளக்கத்தான் லாயக்கு, குதிக்க நான் இருக்கேன்."

விட்டேன். நாலு குதி குதித்தாய், ஐந்தாவதில் சாய்ந்தாய். வலது கை கார்டு அப்படியே சுழன்று, தகடு பக்கவாட்டில் போய்விட்டது. வளையல் எலும்பில் அழுந்தியது. ஒரு மணி நேரத்துக்குள் எக்ஸ்ரே எடுத்தாயிற்று. படத்தை நானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீறல்கூட இல்லை.

வீட்டுக் கூடத்தில் நீ ஐஸ் கட்டியை ஒத்திக்கொண்டிருந்தாய். உன் வீட்டுக்காரர் நாற்காலியில். பக்கத்துத் தெருவிலிருந்து உன் நாத்தனாரும் ஓடி வந்திருந்தாள்.

"அளவு தப்பு. வளையலோட அளந்துட்டேன்" என்றேன்.

"கழட்டுன்னு சொல்ல வேண்டியதுதானடி?"

வாட்சைத் திருகினேன். நீ என் வெறும் கையைப் பார்த்தாய். உனக்குப் புரிந்துவிட்டது. "லூசு. அறுபது வருசப் பழக்கம், இதுக்கா வாய மூடிக்கிட்ட?" என்று சிரித்தாய். சிரித்த வேகத்தில் ஐஸ் கட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

நாத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணி, நல்லாவா இருக்கும்? அண்ணன் குத்துக்கல்லு மாதிரி ஒக்காந்திருக்கப்ப வெறுங்கையா நிக்கறதா?"

அவர் எழுந்து குளியலறைக்குப் போனார். ஒரு மக்கில் தண்ணீரும் பச்சை சோப்பும் எடுத்து வந்து, உன் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"குத்துக்கல்லுதான் கழட்டப்போவுது. கட்டுன புருஷன் உசுரோட ஒக்காந்து கழட்டுனா யாருக்கு என்னா? கைய நீட்டு."

அரை மணி நேரம் ஆயிற்று. நீ கத்தினாய், அவர் ஊதினார். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கு இவ்ளோ நேரம் உங்கையப் புடிச்சிருந்தா, உங்கப்பா என்னைப் பொதைச்சிருப்பாரு" என்றார். மூன்றாவது வளையல் விரல்முட்டியில் சிக்கிக்கொண்டபோது நாத்தனாருக்கே பொறுக்கவில்லை. "கட்டவெரல உள்ள மடக்குங்க அண்ணி. அண்ணே, இழுக்காத, திருப்பு!" என்று அவளும் சோப்பில் கையை விட்டாள். நாலும் எவர்சில்வர் டம்ளரில் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. உன் மணிக்கட்டில் வளையல் இருந்த இடம் குழந்தையின் தோலைப் போல வெளுத்திருந்தது. அதன்மேல் டேப்பைச் சுற்றினேன். பதினாறு.

புதிய ஜோடி சரியாகப் பொருந்தியது. நகத்தை அழுத்தி, ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தேன். கையைத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை.

ஜனவரியில் கயிறு முழங்கால் உயரத்தில்தான் கட்டப்பட்டது. எட்டாம் வகுப்பில் நீ தாண்டியதில் பாதிகூட இல்லை. முன்வரிசையில் வயதான சிஸ்டர்கள், பின்னால் நம் கூட்டாளிகள், ஓரத்தில் சட்டைப் பையில் நாலு வளையலோடு உன் வீட்டுக்காரர். நீ ஓடி வந்தாய். தாண்டினாய். சுடிதார் துப்பட்டாவைக் கழற்றச் சொன்னது நல்லதாயிற்று. இறங்கி இரண்டு எட்டு வைத்ததும் விழுந்தாய். முதலில் முழங்கால், பிறகு கை. தகடுகள் சரளையில் கரகரவென்று தேய்ந்து போவதைக் கேட்டேன். நீ மண்டியிட்டபடியே என்னைத் தேடி, இரண்டு கையையும் உயர்த்தி, விரல்களை விரித்து மூடிக் காட்டினாய்.

"எக்ஸ்ரே வேணாம்டி!"

அந்தக் கைதட்டல் போல் அந்த மைதானம் கேட்டதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் அவர் வளையல்களைத் திரும்ப உன் கையில் ஏற்றினார். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கழற்றுவதும் போடுவதும் அவர் வேலையாயிற்று. இரண்டு வருடத்துக்கு மேல் குதித்தாய், எத்தனையோ முறை விழுந்தாய். ஒன்றும் உடையவில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. அதற்கு என்னிடம் கவசம் இல்லை. உன்னைப் படுக்க வைத்திருந்தபோது, உன் நாத்தனார் வளையல்களைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அத்தனை பேர் பார்க்க, என் கையில். "நீங்களே போடுங்கக்கா. அளவு தெரிஞ்சவங்க நீங்கதான்." சோப்பு தேவைப்படவில்லை. போடும்போது இரண்டு மணிக்கட்டையும் தொட்டுப் பார்த்தேன். முழுசாக இருந்தன. அழுதுகொண்டே எனக்குப் பெருமையாக இருந்தது. நீ திட்டமாட்டாய் என்று தெரியும்.

இப்போது ஏழு ஜோடிக்கு வருகிறேன். நம் வகுப்புக்காரிகள் ஆறு பேர் இந்த ஜனவரியில் தாண்டப்போகிறார்கள். உன் மகள் இன்னொரு ஜோடி ஸ்பிரிங் கால் அனுப்பியிருக்கிறாள், முறை வைத்துக் குதிப்பார்கள். போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் கோவில் ஹாலில் டேப்போடு நின்று, "எல்லாரும் வளையலக் கழட்டுங்க" என்று சத்தமாகச் சொன்னேன். மேசையில் உன் வீட்டுக்காரர், சிதம்பரத்திலிருந்து கொண்டுவந்த பச்சை சோப்பும் மக்குமாக உட்கார்ந்திருந்தார்.

"அவங்கவங்க வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டு வாங்கம்மா. சோப்பு மட்டும்தான் என்னுது."

ஹாலே சிரித்தது. உன் நாத்தனார் ஒவ்வொருத்தியிடமும் போய்க் கட்டைவிரலை மடக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறு பேருக்கு ஆறு ஜோடி. ஏழாவது எனக்கு. தகடு வளைந்தது அதில்தான். மாற்று வர நாளாகும். அதனால் பீரோவிலிருந்து உன்னுடையதை எடுத்தேன். உன் வீட்டுக்காரர் எனக்குக் கொடுத்தது. தகட்டில் சரளையின் கீறல்கள் அப்படியே இருக்கின்றன. என் மணிக்கட்டு பதினைந்து. நீ மூடிய இடத்தில் பட்டை தேய்ந்து ஒரு கோடு விழுந்திருக்கிறது, அதைவிட ஒரு விரல் தள்ளி மூடினேன். நகத்தை அழுத்தினேன், ரத்தம் திரும்பியது. திருகினேன், அசையவில்லை.

சுடிதார் தைத்து வாங்கியாயிற்று. தையற்காரர் இரண்டு முறை பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. தோள் அளவைக் கவனமில்லாமல் எடுத்திருந்தார். நாளைக் காலை மைதானத்தில் நான் முதல் குதி குதிக்கிறேன். பிடித்துக்கொள்ள உன் நாத்தனார் வருகிறாள், கையை விடு என்றால் விட்டுவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எப்படியும் விழுவேன். விழுந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். மண்டியிட்டு, இரண்டு கையையும் உயர்த்தி, விரல்களை விரித்து மூடிக் காட்ட வேண்டும்.