பனியாறு திருப்பித் தந்த ஆள்

அன்பு மகள் வெரீனாவுக்கு,

உன் இருமல் தேவலையா? ஹாம்பர்க் மழையில் தலையை நனைத்துக்கொண்டு வேலைக்குப் போகாதே. இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். உனக்குச் சொன்ன பொய்யெல்லாம் போதும்.

ஆடுகள் திரும்பிவிட்டன. வழக்கம்போலப் பனியாற்றைத் தாண்டித்தான் ஓட்டி வந்தோம். தாண்டினோம் என்று பெயர்தான், பனி எங்கே இருக்கிறது? பாதி வழி கல்லும் சேறும். இரண்டு குட்டிகள் காலை முறித்துக்கொண்டன.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் உன் அம்மாவின் பக்கத்தில் நாம் புதைத்தது உன் அப்பா இல்லை. யாரோ ஒரு மனிதன். அவன் செத்து நாலாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். பனியில் அவன் கிடந்த அதே இடத்தில் மலையேற வந்த ஒருத்திக்குக் கல்முனை அம்பு ஒன்று கிடைத்தது. அருங்காட்சியகத்துக்காரர்கள் கேள்விப்பட்டு ஓடி வந்தார்கள். கல்லறையைத் திறக்க மகளின் சம்மதம் வேண்டும் என்றார்கள். அவள் தூர தேசத்தில் இருக்கிறாள், அவள் அப்பாவின் அண்ணன் நான் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கூப்பிட்டுக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் எப்படி ஏமாந்தேன் என்று கேட்பாய். வழிதவறிய ஆட்டைத் தேடிப் போனபோது ஹார்ட்மன்தான் முதலில் பார்த்தான். பனிக்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. நைந்துபோன தோல் செருப்பு, உள்ளே காய்ந்த புல் திணித்திருந்தது. குளிருக்குச் செருப்பில் புல் திணிப்பது நம் வீட்டு வழக்கம், என் அப்பா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. உன் அப்பா விகில் கடைசியாக ஆடு ஓட்டிப் போய்ப் பனியில் காணாமல் போன அன்றும் வாசலில் உட்கார்ந்து திணித்துக்கொண்டுதான் போனான். புல்லைப் பார்த்ததும், "டேய், இது என் தம்பிடா!" என்று கத்திவிட்டேன். கோடாரியால் அவசர அவசரமாகத் தோண்டியதில் தோள்பட்டை உடைந்தது. அங்கேயே நின்று உன்னைப் போனில் கூப்பிட்டேன். கீழே ஊரில் கோயில் சாவுமணி அடித்தார்கள். டாக்டரும் என் பேச்சை நம்பி அது விகில்தான் என்று எழுதிக் கொடுத்தார்.

இதோடு நின்றிருந்தால் நான் வெறும் முட்டாள். ஊரும் அப்படித்தான் நினைக்கிறது. சாராயக்கடையில் நுழைந்தாலே, "வாய்யா கஸியான், தம்பிக்கே நாலாயிரம் வயசுன்னா அண்ணனுக்கு என்ன வயசு?" என்று ஹார்ட்மன் கேட்கிறான், கடையே சிரிக்கிறது. அவன் பெண்டாட்டி சிரிக்கவில்லை. "பாவம் அந்தப் பொம்பள, செத்தும் நிம்மதி இல்ல. பக்கத்துல எவனையோ கொண்டாந்து படுக்க வச்சிட்டியே, பாவி" என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர்களுக்குத் தெரியாததை உனக்குச் சொல்கிறேன். விகிலுக்குப் பதினான்கு வயதில் கிடா முட்டி முன்பல் போய்விட்டது. போட்டோ எடுத்தால் வாயை இறுக மூடிக்கொள்வான், அதனால் உனக்குத் தெரிந்திருக்காது. நீ வருவதற்கு முந்தின நாள் பெட்டியில் வைக்கும்போது பார்த்தேன். அந்த ஆளுக்கு முன்பல் எல்லாம் இருந்தது.

பார்த்தேன் வெரீனா. பார்த்துவிட்டு மூடியை நானே ஆணி அடித்தேன்.

நீ ரயில் ஏறிவிட்டாய், மணியும் அடித்தாயிற்று, இனி எந்த முகத்தோடு சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. முப்பது வருஷமாகக் கோடை வந்தால் அந்தப் பனியைக் கிண்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது. என் கூடப்பிறந்தவனைத் தேடுவது எனக்கு அலுத்துவிட்டது. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

"ஒரே ஒரு தடவை தெறந்து காட்டுங்க பெரியப்பா, நான் அவர் மூஞ்சிய நேர்ல பாத்ததே இல்லையே" என்று கெஞ்சினாய். "வேணாம்மா, பாக்குற மாதிரி இல்ல" என்று தடுத்தேன். அப்புறம் நீ பெட்டி மேல் தலையைச் சாய்த்து, "அப்பா" என்றாய். வயிற்றில் இருக்கும்போதே அவனை இழந்தவள், பிறந்ததிலிருந்து யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதை முன்பின் தெரியாத ஒருவனுக்குக் கொடுக்க வைத்தேன். பக்கத்தில் நின்று கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

அவனை எடுத்துப் போய்விட்டார்கள். குழி காலியாக இருக்கிறது. சிலுவையில் மட்டும் விகில் பெயர் நிற்கிறது. எடுத்துவிடு என்கிறார் பாதிரியார். என் கை அதைத் தொடாது. இருக்கட்டும் என்றால் இருக்கட்டும், எடு என்றால் எடுக்கிறேன். நீதான் சொல்ல வேண்டும்.

கல்லறைத் திருநாளுக்கு வா மகளே. அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்ற வேண்டாமா? என்னோடு பேச வேண்டாம், நம் வீட்டில் சாப்பிடவும் வேண்டாம். ஊர் முன்னால் நிற்க வைத்துத் திட்டினாலும் தலை குனிந்து கேட்டுக்கொள்கிறேன். வராமல் மட்டும் இருந்துவிடாதே.

கடவுள் உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். உன் பெரியப்பா என்று போட எனக்குக் கை வரவில்லை.

கஸியான்