குடியிருந்தவர்கள் மூணு பேர்

அப்பாவுக்கு,

உங்க போன் மண்ணுக்குள்ள போயிருச்சாம், அதான் நீங்களும் அம்மாவும் இருக்கிற நிவாரண முகாமுக்கு எழுதுறேன்.

தாத்தா வீட்டை மண்சரிவு கொண்டுபோன அதே இடத்துல எதுக்கு மறுபடி கட்டுனீங்கன்னு கேட்டேன். வெளிய போடான்னீங்க. இப்ப இதுவும் சரிஞ்சிருச்சு. நான் அப்பவே சொன்னேன்லன்னு சொல்ல வாய் வரல.

நேத்து ஒரகடத்துல, கம்பெனி டீ பிரேக்குல, நம்ம வி.ஏ.ஓ. கூப்பிட்டாரு. என் நம்பரை மனப்பாடமாச் சொன்னீங்களாமே. நான் வீட்டை விட்டு வந்த ரெண்டு வருசத்துல ஒருவாட்டிகூட போன் அடிக்கல.

"இடிஞ்ச வீட்டுல மூணு பேர் குடியிருந்ததா உங்கப்பா நிவாரண மனுவுல எழுதியிருக்காரு. நீயும் அந்த வீட்டுலதான் இருந்தியாப்பா?"

இங்க ரூம்ல ஆறு பேரு. நான் எந்த ஊருன்னுகூட ஒருத்தனும் கேட்டதில்ல.

"ஆமா சார், ஷிப்டுக்கு வந்திருக்கேன்"னேன்.

புது வீட்டை வேற இடத்துல கட்டுங்க. கல்லு சுமக்க வாரேன்.

இப்படிக்கு,
மூணாவது ஆள்