நகக்கண் அளவு

கில்ஹாரி, ஏர்ஷயர்
18 செப்டம்பர் 1987

அன்புள்ள ஹியூ அவர்களுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இறுதி ஆட்டம் முடிந்து பதிமூன்று நாள் ஆகிறது. என் முழங்கால் தேவலை. உங்கள் வீட்டம்மா கொடுத்தனுப்பிய பிளம் ஜாம் வந்தது, நன்றி. இன்னும் திறக்கவில்லை.

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். நாளைக்கு நீங்கள் அதை வேறு மாதிரி சொல்லக்கூடும்.

ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்கான புல்தரைப் பந்துருட்டு இரட்டையர் இறுதி ஆட்டம். கடைசிச் சுற்று. பதினேழுக்குப் பதினேழு. எல்லாப் பந்துகளும் உருண்டு நின்றாகிவிட்டது. குறியான சின்ன வெள்ளைப் பந்துக்கு இந்தப் பக்கம் நம்முடையது ஒன்று, அந்தப் பக்கம் வாலஸ் பேட்டனுடையது ஒன்று. கண்ணுக்கு இரண்டும் ஒரே தூரம். யாருடையது கிட்டேயோ அவர்களுக்குக் கோப்பை. அளக்க வேண்டியது இரு ஜோடியிலும் முதலில் உருட்டுகிறவர்கள், அதாவது நானும் வாலஸும். ஜோடித் தலைவர் தள்ளி நிற்க வேண்டும். நீங்களோ மறுகோடியிலிருந்து வேகவேகமாக வந்து, என் கையிலிருந்த அளவு நாடாவைப் பிடுங்கி, வாலஸை முதுகால் மறைத்துக்கொண்டு மண்டியிட்டீர்கள்.

நாடாவின் நுனி வெள்ளைப் பந்தில் இடித்தது. அது நகக்கண் அளவு நம் பந்தை நோக்கி நகர்ந்தது. அளக்கும்போது இடித்தால் அந்தப் புள்ளி எதிராளிக்கு. எனக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான்.

"ஹியூ, அது நகந்துச்சா?" என்றார் வாலஸ்.

"உன் கண்ணுதான்யா நகருது. போய் முதல்ல கண்ணாடிய மாத்து," என்றீர்கள். வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள்.

வாலஸ் என்னைப் பார்த்தார். "கில்பர்ட், நீ பக்கத்துல நின்ன. நீ சொல்லு, நான் ஒத்துக்கறேன்."

"சரியாப் பாக்கலைங்க," என்றேன்.

கோப்பை நமக்கென்று ஆனது. அவர் கை கொடுக்காமல் போனார். ஆட்டம் முடிந்து கை கொடுக்காமல் யாரும் நம் புல்தரையை விட்டு இறங்கியதில்லை. இப்போது கிளப் கமிட்டி, அதற்காக அக்டோபர் பத்துக்குள் உங்களிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்காவிட்டால் அவர் பெயரை நீக்கிவிடுவதாகச் சொல்கிறது. அவருக்கு எழுபத்து நாலு வயது. மனைவி போன பிறகு அவர் போக்கிடம் அந்தப் புல்தரை ஒன்றுதான். கிளப் பாரில் அவரைத் 'தோத்தாங்கோளி' என்கிறார்கள், அதுவும் அவர் காதுபட.

கமிட்டியிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள் ஜோடி,
கில்பர்ட் ஆல்ட்


கில்ஹாரி
22 செப்டம்பர் 1987

அருமை வாத்தியாரே,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நாலு தெரு தள்ளி இருக்கிறவன் தபாலில் எழுதுகிறாய் என்றால், என் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை என்று அர்த்தம். போகட்டும்.

நகக்கண் அளவு நகர்ந்தது என்கிறாய். சரியாகப் பார்க்காதவனுக்கு அளவு மட்டும் எப்படியப்பா தெரிந்தது?

கோப்பையை முதலில் தூக்கியது யார்? நீ. போட்டோவில் முப்பத்திரண்டு பல்லும் தெரிய நிற்பது யார்? நீ. தலைமையாசிரியர் பதவியை உனக்குக் கொடுக்காமல் எவனுக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று பதினாலு வருஷமாக என் காதில் ஓதுகிறாய். அன்று காலையில் காரில் வரும்போது, "வாழ்க்கையில ஒரு தடவையாவது ஜெயிக்கணும் ஹியூ" என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? ஜெயிக்க வைத்தேன். இப்போது எனக்கே பாடம் நடத்துகிறாய்.

வாலஸ் ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும். நானே அவனைத் தோளில் கைபோட்டு அழைத்துப் போய் ஒரு விஸ்கி வாங்கித் தருகிறேன். கிழவனுக்கும் மரியாதை, நமக்கும் மரியாதை.

அடுத்த வருஷத்துக்கும் நம் ஜோடியின் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஜாமைத் திற. பூஞ்சை பிடித்துவிடப் போகிறது.

அன்புடன்,
உன் தலைவன்
ஹியூ கெம்மல்


கில்ஹாரி
1 அக்டோபர் 1987

ஹியூ,

உங்கள் கேள்விக்குப் பதில்: நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

நேற்று வாலஸ் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, காகிதத்தை மூக்கோடு ஒட்டவைத்து எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நல்ல நேரத்துக்கு வந்தப்பா. 'வருந்துகிறேன்'னு போட்டா போதுமா, 'மிகவும்' சேக்கணுமா? நீ படிச்சவன், நீயே சொல்லு."

உங்களுக்கு எழுதுகிற மன்னிப்பு அது. தன் கண்ணில்தான் கோளாறு என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டார். போன வாரம் கண் டாக்டரிடம்கூடப் போய் வந்தாராம்.

உட்காராமலே சொன்னேன். பந்து நகர்ந்ததையும் நான் பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அவனுக்குக் கை தவறுச்சு, கில்பர்ட். எனக்கும் தவறியிருக்கு. ஆனா உன்னை நான் கேட்டேனே?"

மேசையில் இருந்த டீயை என் பக்கம் நகர்த்தினார்.

"டீ ஆறுது. குடிச்சுட்டுக் கிளம்பு," என்றார். குடித்தேன். வாசல்வரை வந்தார், கை கொடுக்கவில்லை.

ஒவ்வொரு தடவை உருட்டும் முன்பும் நீங்கள் கட்டைவிரலை நக்கிப் பந்தில் தேய்ப்பதைப் பதினாலு வருஷம் பார்த்துப் பழகிவிட்டேன். இப்போது அதை நினைத்தாலே குமட்டுகிறது. அதைவிடக் குமட்டுவது ஒன்று உண்டு: 'உன் கண்ணுதான்யா நகருது' என்று நீங்கள் சொன்னபோது வேலியோரம் நின்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். முதல் கடிதத்தில் அதை எழுதாமல் விட்டேன்.

வாலஸ் அந்தக் காகிதத்தை அனுப்பப் போவதில்லை. கமிட்டிக்கு இன்று காலை நான் எழுதியாகிவிட்டது. உங்கள் கை, என் வாய், இரண்டும் செய்ததை எழுதினேன். கோப்பை வாலஸுக்குச் சேர வேண்டும் என்றும், என் பெயரைக் கிளப்பிலிருந்து நீக்கும்படியும் எழுதினேன். சனிக்கிழமை பத்தாம் தேதி எல்லார் முன்னாலும் படிப்பார்கள். நீங்கள் முந்திக்கொண்டு ஒரு கதை கட்டலாம், கட்டுங்கள். அளவு நாடா என்னுடையது, அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அடுத்த வருஷத்துக்கு வேறு ஜோடி பாருங்கள். சிரிக்கத் தெரிந்தவனாகப் பாருங்கள்.

முடிக்கும் இடத்தில் பேனா அரைமணி நேரமாக நிற்கிறது. 'உங்கள்' என்று தொடங்கினால் அதற்குப் பிறகு எந்த வார்த்தையும் வர மறுக்கிறது. நண்பன் இல்லை, ஜோடி இல்லை. கமிட்டிக்கு எழுதியதில் முழுப் பெயரும் முகவரியும் போட்டேன். அங்கே அதைச் சொன்னவன் யார் என்று தெரிய வேண்டும். உங்களுக்கு அது தெரியும். இதைக் கையெழுத்துப் போடாமலே தபால் பெட்டியில் போடுகிறேன்.