தவக்காலத்தில் ஒரு பொய்க் கல்யாணம்

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் ஒரே பனி. கீழப்பழுவூர் தாண்டும்வரை பஸ் ஊர்ந்தது. கல்யாண மண்டபத்துக்கு அரை மணி தாமதம். முதலாளி முறைத்தார், திட்டவில்லை.

வேலை: ஜெனரேட்டர்காரருக்கு போன். சமையல்கட்டு குழாய் அடைப்பு. மறந்தது: அம்மா மாத்திரை.

பதினோரு மணிக்கு ஒருவர், மகளோடு. பெயர் செல்வம், பஸ் டிரைவர். பங்குனி முதல் முகூர்த்தத்தில் மகளுக்குக் கல்யாணம். தேதி காலிதான். வழக்கம்போல் கேட்டேன், "ஊர்ல எந்தத் தெருங்க?" காலனித் தெரு என்றார். முதலாளி பேப்பரிலிருந்து தலை தூக்காமல் தொண்டையைச் செருமினார். செருமினால் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். நாலு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

"அன்னைக்கு புக் ஆயிடுச்சுங்க."

"யார் வூட்டுக் கல்யாணங்க?"

இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. வாயில் வந்தது எங்கள் கிறிஸ்தவ வேதப் பெயர். "அந்தோணிசாமின்னு... வரதராசன்பேட்டைக்காரங்க."

சிரித்தார். "ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு பஸ் ஓட்டுறவனுங்க நான். பங்குனி தவக்காலமாச்சே. கோயில்ல கல்யாணமே வைக்க மாட்டாங்களே?"

அட மாதாவே! ஞானஸ்நானம் வாங்கினவள் நான், எனக்குத் தெரியாதா? மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜன. 8, வியாழன்

நேற்று ஒரு பெண் போன் செய்தாள். டவுன்காரியாம், அதே தேதி. காலி என்றேன். இன்று செல்வம் வந்து, அவர்தான் பேசச் சொன்னாராம், பதிவான அந்தப் பேச்சைப் போனில் போட்டுக் காட்டினார். என் குரலேதான்.

"புகார் குடுத்துட்டுத்தாங்க வரேன்." சத்தம் போடவில்லை. அதுதான் கதிகலங்க வைக்கிறது.

முதலாளி: "நான் ஒண்ணும் சொல்லலியேம்மா. செருமுனா குத்தமா?" வாயைத் திறந்தது நான் மட்டும். சனியன் பிடித்த வாய்.

ஜன. 11, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. அண்ணனிடம் சொல்லிவிட்டேன். வாத்தியார், சட்டமெல்லாம் படிப்பார்.

"கடை, ஓட்டல், மண்டபம், எங்கயும் சாதி பாத்து இல்லேன்னு சொன்னா வன்கொடுமைக் கேஸ். ஜாமீன் லேசுல கிடைக்காது."

"அண்ணே, நாமளும் அதே காலனிச் சனந்தானே? தாத்தா காலத்துலதானே வேதத்துக்கு வந்தோம்?"

"சனம் அதேதான். சர்டிபிகேட்டுல அவங்க எஸ்.சி., நாம பி.சி. சட்டம் சர்டிபிகேட்டத்தான் பாக்கும், மேரி. உன் மேலயும் கேஸ் பாயும்."

மண்டபத்தில் என்னை வெறும் கிறிஸ்டியன் என்று நினைத்திருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை. தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். இப்போது ஜெயில் பயமும்.

ஜன. 13, செவ்வாய்

முதலாளி ஒரு தாளை நீட்டினார். புக் ஆகிவிட்டதென்று நானாகவே பொய் சொன்னதாக டைப் அடித்திருந்தது. "கையெழுத்துப் போடும்மா. வக்கீல் வெச்சு வெளிய எடுத்துடுறேன்." வெளியே எடுப்பாராம்! அப்படியானால் உள்ளே போவது நிச்சயம். பொங்கல் கழித்து என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஜன. 19, திங்கள்

டி.எஸ்.பி. ஆபீஸ், புகார் விசாரணை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். பிறகு எல்லாம் சொன்னேன்: தெரு கேட்பது, செருமல், திருப்பி அனுப்பிய ஆட்கள்.

அதிகாரி அம்மா, "உங்க பேரும் கேஸ்ல வரும், தெரியும்ல?"

"தெரியுங்க." என் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே பெஞ்சில் செல்வமும் மகளும். நானும் உங்க சனந்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

"அக்கா, அன்னைக்கு எங்கள அனுப்பிட்டு, மதியம் சாப்புட்டீங்களா?"

சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.