கற்பூரக் கரி

குகை ஊழியர் விடுதி,
ஸ்நோவி மலைகள்.
ஜூலை 14, செவ்வாய்

அன்புள்ள வாசு,

நான் சுகம். நீங்களும் சுகமென்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீங்கள் கேட்டதற்கு அப்போது பதில் சொல்லவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. இருப்பது அலுவலகச் சுவரில் ஒன்றுதான். பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தமிழ் விளங்காது, கோபம் விளங்கும். ஆகவே எழுதுகிறேன்.

வௌவால்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். இன்று காலை வரை பதினேழு செத்துவிட்டன. குகை வாசலில், இந்த ஜூலைப் பனியில் கிடந்தவற்றைப் பொறுக்கினேன். உடம்பிலுள்ள கொழுப்பை மெல்ல மெல்லச் செலவழித்துக் குளிர்காலம் முழுவதும் தூங்குகிற பிராணிகள் அவை. இடையில் விழித்துப் பறந்தால் அந்தக் கொழுப்புக் கரைந்துவிடும். வெளியே தின்ன ஒரு பூச்சி கிடையாது. அவை தூங்கும் அறைக்குக் கம்பிக் கதவு போட்டிருக்கிறோம். கம்பி ஆளைத் தடுக்கும். சனிக்கிழமைப் புகையைத் தடுக்கவில்லை.

சனிக்கிழமை உங்கள் தமிழ்ச் சங்கத்து பஸ் குகை பார்க்க வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். பவளம் அன்ரி அந்தச் சுண்ணாம்புத் தூணைக் கண்டதும், "ஐயோ பிள்ளை, சுயம்பு லிங்கமெல்லோ!" என்று கைகூப்பினா. தண்ணீர் சொட்டிச் சொட்டி வளர்ந்தது என்று விளக்கினேன். "அப்ப அபிசேகமும் தானா நடக்குது" என்றா. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கைப்பையிலிருந்து கற்பூரம் வந்தபோது வேண்டாம் என்றேன். நீங்கள் என் காதருகில் வந்து, "கௌரி, நீர் ரெண்டு நிமிசம் அங்கால திரும்பி நில்லும். சனத்துக்கு முன்னால என்னை வெக்கப்படுத்தாதையும்" என்றீர்கள். நீங்கள் கோயில் வாசலுக்கே போகாத மனிதர். ஆனால் சங்கத் தலைவர். கற்பூரத்தைக் கொளுத்திய லைட்டரும் உங்களுடையது.

நான் திரும்பி நின்றேன். அதைத்தான் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.

திரும்பிய பக்கத்துச் சுவரில் 1891இல் ஒருவன் மெழுகுதிரிப் புகையால் எழுதிவிட்டுப் போன பெயர் இருக்கிறது. தொலைந்த மாட்டைத் தேடி வந்த ஒருவர் இந்தக் குகையைக் கண்டுபிடித்தார். பிறகு குதிரை வண்டிகளில் வந்த சனம் கல் விழுதுகளை உடைத்து வீட்டுக்குக் கொண்டுபோனது. நாளுக்கு நான்கு தரம் அந்தக் கரியைக் காட்டி, இப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்வது என் வேலை. பரமட்டா அலுவலகத்தில் இருபது வருடம் மற்றவர்களின் கோப்புகளை அடுக்கிய பிறகு, நான் படித்த விலங்கியலுக்குக் கிடைத்த முதல் வேலை. "வௌவால் எண்ணவே வீட்டை விட்டுப் போறீர்?" என்று கேட்டீர்கள். ஓம், எண்ணத்தான். இப்போது செத்ததையும் எண்ணுகிறேன்.

வௌவால்கள் செத்தது பற்றிய அறிக்கையை அடுத்த வாரம் புதன்கிழமை கொடுக்க வேண்டும். "ஆர் கொளுத்தினதெண்டு தெரியாது எண்டு எழுதும். ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்" என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னீர்கள். வழிகாட்டி எங்கே நின்றார் என்று அதில் ஒரு கேள்வி உண்டு. கணவர் கேட்டதால் திரும்பி நின்றேன் என்று எழுதிவிட்டேன். வேலை போகலாம். கொளுத்தியவர் யார் என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். பவளம் அன்ரியின் பெயரைப் போடும்படி மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த மனுசி கும்பிட்டது உண்மை.

அந்த இடத்தை நீங்களே வந்து நிரப்ப வேண்டும். அடுத்த செவ்வாய் பின்னேரம் வரை காத்திருப்பேன். அதன் பிறகு உங்கள் பெயரை நானே எழுதுவேன்.

பஸ் வேண்டாம், சங்கத்து ஆட்கள் வேண்டாம். தனியாக வாருங்கள். கார்ச் சக்கரத்துக்குப் பனிச் சங்கிலி கட்டாயம். வழியில் வாடகைக்குத் தருவார்கள். பாதை வழுக்கும், பகலில் ஓட்டுங்கள். இங்கே என் அறையில் இரண்டு கதிரை போட்டிருக்கிறார்கள். எட்டு மாதமாக ஒன்றில் என் உடுப்புத்தான் கிடக்கிறது. எடுத்து வைக்கிறேன்.

வேண்டுதலில் எனக்கு நம்பிக்கை குறைவு என்று உங்களுக்குத் தெரியும். இருந்தும், நீங்கள் பத்திரமாக வந்து சேர வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிவகௌரி